மேற்கு எல்லை

எல்சி மாற்றலாகி வந்து இறங்கியபோது மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் கட்டடத்தின் சுவர்கள் மட்டும் நனைந்தே இருந்தன.

எண்ணூர் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே நெளிந்து வந்த ஆட்டோக்காரர், "இதான் மேடம் உப்பு ஆபீஸ்" என்று காட்டிவிட்டு, மீட்டருக்கு மேலே எதுவும் கேட்காமல் கிளம்பிப் போனார். சென்னையில் ஒரு ஆட்டோக்காரர் அப்படிப் போனால் சந்தேகப்பட வேண்டும். எல்சி சந்தேகப்படவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் அது உப்புக் கிடங்கு. இப்போது கடற்கரைக் குப்பங்களின் நில ஆவணங்களை வைத்திருக்கிற சர்க்கார் கிளை அலுவலகம். முன்வாசல் சாலையைப் பார்க்கும். பின்வாசல் கடலைப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் குகை மாதிரி நீளமாக ஆவண அறை. மூட்டைகளை எப்போதோ காலி செய்துவிட்டார்கள். உப்புதான் காலி செய்யவில்லை. சுவரில் சாய்ந்தால் முதுகில் வெள்ளை ஒட்டியது. வாயைத் திறந்தால் காற்று கரித்தது. பழைய காகிதமும் வௌவால் புழுக்கையும் நாள்பட்ட ஈரமும் சேர்ந்த ஒரு வாடை, மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தது.

எல்சிக்கு ராயபுரம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். துணை தாசில்தாராக உயர்ந்த பிறகும், வழி தெரியாத முதல் நாள் தவிர, அவள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவாள். விதி என்றால் விதி. போன இடத்திலெல்லாம் அதற்காகவே மாற்றல் வாங்கியவள்.

டவாலி அத்தாவுல்லா சிவப்புப் பட்டையை மார்பில் குறுக்கே மாட்டிக்கொண்டு அவளை வரவேற்றார். ஓய்வு பெறுகிற வயது. வாய் மட்டும் இளமையாக இருந்தது. இந்த ஆபீஸில் ஊறுகாய் போடத் தனியாக உப்பு வேண்டாம், ஃபைலைப் பிழிந்தால் போதும் என்றார். எல்சி சிரிக்கவில்லை. அன்றைக்கு என்ன வேலை என்று கேட்டாள்.

வேலை இதுதான். இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் அது. கம்ப்யூட்டர்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் முன்னறையில் காத்திருந்தன. ஊரில் உள்ள நிலமெல்லாம் காகிதத்திலிருந்து அந்தப் பெட்டிக்குள் குடியேற வேண்டும். ஆனால் சங்குமேட்டுக் குப்பம் என்று ஒன்று இருந்தது. இருந்தது என்றால், காகிதத்தில் இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புயலில் அந்தத் தெருவையே கடல் எடுத்துக்கொண்டது. வீடு போய், மண் போய், இப்போது அங்கே அலைதான் அடிக்கிறது. பட்டா மட்டும் போகவில்லை. தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மனைகளை ஒவ்வொன்றாக ரத்து செய்துவிட்டு மிச்சத்தைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

அதற்கும் ஒரு முறை இருக்கிறது. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரை விசாரணைக்கு அழைக்க வேண்டும். டவாலி வாசலில் நின்று பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். மூன்றாவது கூப்பாட்டுக்கும் பதில் இல்லையென்றால், 'ஆஜரில்லை' என்று எழுதி அதிகாரி உத்தரவு போடலாம்.

குப்பத்து ஜனங்கள் கரையோரமாகவே நடந்து வருவார்கள் என்பதால் விசாரணை எப்போதும் பின்தாழ்வாரத்தில். அத்தாவுல்லா படியில் நின்று, கடலைப் பார்த்து, ஒரு பெயரை இரண்டு முறை கூப்பிட்டார். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது எங்கே என்று எல்சி கேட்டாள்.

"ரெண்டு வாட்டி கூப்ட்டா போதும் மேடம். மூணாவது பேப்பர்ல."

அவருக்கு முன்னால் இருந்த டவாலி அப்படித்தான் பழக்கினாராம். ஏன் என்று இவர் கேட்கவில்லை. அந்த ஆளுக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு, மிச்சம் பிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாராம். கடலைப் பார்த்துத் தொண்டை கிழியக் கூப்பிட்டால் யார் வரப் போகிறார்கள், சுறாவா என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

எல்சிக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் பட்டது. கூப்பிடாததைக் கூப்பிட்டதாக எழுதுவது பொய். தன் கையெழுத்துக்கு மேலே பொய் வரக்கூடாது. இனிமேல் மூன்று முறையும் வாயால்தான் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த ஃபைல் பவுனம்மாளுடையது.

பவுனம்மாள் தன் மகள் அம்முவோடு தாழ்வாரத்தின் ஓரத்தில் குந்தியிருந்தாள். காசிமேட்டில் கூடையில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கிறவள். குப்பம் போன பிறகு ஒரு பள்ளிக்கூடத்துப் பின்சுவரை ஒட்டித் தகரக் கொட்டகையில் குடித்தனம். அதையும் இடிக்கப் போகிறார்கள். மாற்று வீடுகள் மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் கட்டி முடிந்திருந்தன. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வீடு. பட்டா அவள் புருஷன் கிருஷ்ணப்பன் பெயரில் இருந்தது. அவன் கடலோடு போனவன். உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றிதழ் இல்லை. அவன் ஆஜராகவில்லை என்று எல்சி எழுதினால், மனை ரத்தாவதற்கு முன்னால் பட்டா அவள் பெயருக்கு மாறும், வீடு கிடைக்கும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் மாறாவிட்டால் வேறு யாருக்கோ போகும்.

புருஷனைப் பற்றிச் சொல்லும்போது அவள் கண் கலங்கவில்லை. கட்டுமரத்தில் போகும்போதெல்லாம் அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போகிற ஆசாமியாம். கடல் தெருவுக்குள் வந்த அன்றைக்கு ஊரே கிளம்பியபோது அவன் நகரவில்லை. "பட்டா என் பேர்ல கீது. என்னைக் காலி பண்ணச் சொல்றதுக்குக் கடல் இன்னா ஆபீசரா?" என்று சவால் விட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தானாம். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அதுதான் கடைசி.

எல்சி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கூப்பிடலாம் என்று தலையாட்டினாள்.

அத்தாவுல்லா படியில் போய் நின்றார். பாறாங்கற்களுக்கு அப்பால் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"கிருஷ்ணப்பன்."

அலை வந்து உடைந்தது.

"கிருஷ்ணப்பன்."

அலை வந்து உடைந்தது. அத்தாவுல்லா திரும்பிப் பார்த்தார். எல்சி விரலை உயர்த்தினாள். இன்னும் ஒன்று.

"கிருஷ்ணப்பன்."

அலை உடையவில்லை.

வந்த அலை வந்த இடத்திலேயே நின்றுவிட்ட மாதிரி ஒரு நிசப்தம். சாலையில் லாரிச் சத்தம்கூட யாரோ கதவைச் சாத்திய மாதிரி அடங்கிப்போனது.

"கீறேன்."

ஆண் குரல். உரக்கக்கூட இல்லை. ரொம்ப நேரமாகப் படிக்குக் கீழே உட்கார்ந்து, தன் முறை வரட்டும் என்று காத்திருந்தவன் பதில் சொல்கிற தொனி.

படிக்குக் கீழே யாரும் இல்லை.

பவுனம்மாளின் கை அம்முவின் வாயைப் பொத்தியது.

எல்சிக்கு முதலில் வந்தது கோபம்தான். மாற்று வீடுகளை வளைத்துப் போடப் புரோக்கர்கள் ஆள்மாறாட்டம் செய்வது அவளுக்குப் புதிதில்லை. எவனோ பாறைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு குரல் கொடுக்கிறான். யாராக இருந்தாலும் மேலே வந்து பேசச் சொன்னாள்.

"வர்ல. மேலெல்லாம் ஈரம்."

பெயரை மாற்றுவதில் என்ன ஆட்சேபணை என்று கேட்டாள்.

"அது என் வூடு. நான் அங்கதான் கீறேன்."

இந்த இடத்தில் எல்சி வேறு எது சொல்லியிருந்தாலும் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் அவள் நாக்கில் பல வருடப் பழக்கம் ஒன்று இருந்தது. ஆள் யார் என்று தெரியாமல் ஆட்சேபணை சொல்லி வருகிற எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம். யோசிக்காமல் அதையே சொன்னாள்.

"நீங்கதான் கிருஷ்ணப்பன்னு நான் எப்படி நம்பறது? அக்கம்பக்கத்துல குடியிருக்கறவங்க ரெண்டு பேரை சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க. வர்ற வியாழக்கிழமை விசாரணை."

அலை இன்னும் உடையாமல் நின்றது.

"சரி. இட்டாறேன்."

அப்புறம்தான் அந்த அலை உடைந்தது. தாழ்வாரம் வரைக்கும் சாரல் தெறித்தது.

அத்தாவுல்லா இறங்கிப்போய்ப் பாறைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவரிடம் வேடிக்கைப் பேச்சு எதுவும் மிச்சமில்லை. கீழ்ப்படியில் ஒரு ஆள் குந்தியிருந்த அளவுக்கு ஈரம். சாயங்காலத்துக்குள் அது காய்ந்து வெள்ளை வெளேரென்று உப்பாகப் பூத்தது. பெருக்குகிறவள் இரண்டு முறை பெருக்கியும் போகவில்லை.

"இன்னாம்மா சொல்லிட்ட," என்றாள் பவுனம்மாள். கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இல்லை. "அக்கம்பக்கம்னா யாருன்னு தெரியுமா உனுக்கு?"

அந்தக் குரல் அவள் புருஷன் குரல் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவன் வீம்பைப் பார்த்துத் தாங்களும் தங்கிவிட்ட ஒரு ஜோடி இருந்தது. பக்கத்து வீட்டு ஜேக்கப்பும் அவர் மனைவி வியாகுலம்மாளும். அவர்களையும் அதே அலைதான் கொண்டுபோனது. அந்தத் தெருவில் இன்றைக்கும் அக்கம்பக்கம் என்று சொல்லிக்கொள்ளக் குடியிருப்பவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

*

அந்த வாரம் முழுக்க எல்சி தனக்குத்தானே வாதாடினாள்.

குறுக்கு வழி இருந்தது. யாரும் வரவில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஃபைலைத் திறந்து பேனாவை வைத்தாள். 'ஆஜ' என்று எழுதியதோடு கை நின்றுவிட்டது. பதில் வந்தது. அவள் காதால் கேட்டாள். இல்லை என்று எழுதினால் பொய்.

பவுனம்மாள் தினமும் மீன் விற்று முடித்த கையோடு வந்து முன்வாசலில் நின்றாள். எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றுவிட்டுப் போனாள். கேட்டிருந்தால் எல்சிக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரே ஒரு முறை மட்டும், மீஞ்சூர் வீட்டைத் தான் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது.

எல்சி ஒரு முடிவுக்கு வந்தாள். விசாரணை நடக்கும். ஆனால் கடல் பக்கம் நடக்காது.

வியாழக்கிழமை காலையிலேயே பின்வாசலைத் தாழ்போட்டு, பீரோவை இழுத்துக் குறுக்கே வைக்கச் சொன்னாள். ஆவண அறையைத் தன் கையாலேயே பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். முன்னறையில், சாலையைப் பார்த்து மேஜையைப் போட்டாள். லாரிகளின் ஹாரனும் டீக்கடைப் பாட்டும் காதைப் பிளந்தன. இந்த இரைச்சலில் எந்தக் குரலும் எடுபடாது என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

பகல் பதினொரு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. வடகிழக்கிலிருந்து கருமேகம் இறங்கிச் சாலை மேலே படுத்தது. மழை ஆரம்பித்ததும் கரண்ட் போனது. டீக்கடைப் பாட்டு நின்றது. லாரிகள் ஒவ்வொன்றாக என்ஜினை அணைத்தன. கடைசி ஹாரனும் ஓய்ந்தபோது மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

பவுனம்மாளும் அம்முவும் பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தாவுல்லா முன்வாசல் படியில் நின்று, எல்சி சொன்னபடியே, சாலையைப் பார்த்துக் கூப்பிட்டார். ஒன்று. இரண்டு. மூன்று.

சாலையிலிருந்து பதில் வரவில்லை.

எல்சி மூச்சை விட்டாள். பேனாவை எடுத்தாள்.

"கீறேன்."

குரல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது.

பூட்டிய ஆவண அறைக்குள்ளே இருந்து.

கதவின் கீழிடுக்கு வழியாக ஒரு வாடை வந்தது. ஊறிப்போன கயிறு, ஆளிச்சிப்பி, டீசல், அடியில் ரொம்ப நாள் கிடந்த சேறு. உள்ளே அலமாரிகளுக்கு நடுவில் ஈரத்துணி உராய்கிற சத்தம். ஒருவர் இல்லை. கடல் எந்தெந்தக் கரையிலிருந்தோ கொண்டுபோன நிறையப் பேர் இடம் போதாமல் ஒதுங்கி நிற்கிற சத்தம்.

சாட்சிகள் வந்திருக்கிறார்களா என்று எல்சி கேட்டாள். தன் குரல்தானா அது என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஜேக்கப்பு, கீறேன்மா," என்றது ஒரு வயசான குரல்.

"வியாகுலம்மா. இருக்கேன்." பெண் குரல். அதற்குப் பிறகு முணுமுணுவென்று ஜெபமாலை சொல்கிற மாதிரி உதடுகள் அசையும் ஓசை. எல்சிக்கு அந்த ஜெபம் தெரியும். சின்ன வயதிலிருந்து சொல்கிறாள். ஆனால் உள்ளே அது முடியவே இல்லை. ஆமென் வர வேண்டிய இடத்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

அத்தாவுல்லா கதவுப்பக்கம் நகர்ந்து நின்றார். "மேடம், போய்டலாம்," என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

எல்சி போகவில்லை. போனால் நாளைக்கு வெள்ளிக்கிழமை. பெஞ்சில் ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்சியிடம் ஜெபமாலையைத் தவிர வேறு ஆயுதம் ஒன்றுதான் இருந்தது. விசாரணை முறை. அதைக் கையில் எடுத்தாள்.

"உங்க ஆட்சேபணை என்ன, சொல்லுங்க."

"பொண்டாட்டி புள்ள வூட்டுக்கு வரணும்."

"அது இந்த ஆபீஸ் விஷயம் இல்ல. இங்க நிலம் மட்டும்தான் பேசலாம்."

உள்ளே உராய்வுகள் நின்றன. கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு அலமாரியில் தண்ணீர் சொட்டு ஒன்று காகிதத்தின் மேல் விழுந்தது.

"நெலம் என்னுது," என்றது குரல், யோசித்து.

அந்தப் பதிலில் எல்சிக்கு வழி தெரிந்தது. நிலம் உங்களுடையதுதான், அதை ரத்து செய்யவில்லை, உங்கள் பெயரிலேயே இருக்கட்டும் என்றாள். உங்கள் மனைவிக்கு ஆதரவற்றவர் என்று தனியாக வேறு வீடு கொடுக்கிறேன், உங்கள் மனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அப்போது உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டாள். அப்படி உத்தரவு போடச் சட்டத்தில் இடம் இருந்தது. இதுவரை யாரும் போட்டதில்லை, அவ்வளவுதான்.

மழை தகரத்தை அடித்தது.

"இல்ல. எய்திக் குடு."

எல்சி எழுத ஆரம்பித்தாள். அவசரத்தில் எழுத்து கோணியது.

"நாலு எல்லையும் போட்டு எய்து," என்றது குரல். "அப்பால எவனும் வந்து மறிக்கக் கூடாது."

நியாயமான கோரிக்கை. எல்லை எழுதாத உத்தரவு செல்லாது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தாள்.

"கெயக்க கடல். வடக்க ஜேக்கப்பு வூடு. தெக்க படகுத்தொறை."

கொஞ்சம் நிறுத்தினான்.

"மேற்க, என் பொண்டாட்டி வூடு."

எல்சி வரைபடத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். சரிதான். குப்பம் இருந்த காலத்தில் மேற்குப் பக்கத்து மனை பவுனம்மாளின் தாயாருடையது. தாயார் போன பிறகு பட்டா இல்லாமலே மகளுக்கு வந்தது. பவுனம்மாளும் பெஞ்சிலிருந்து ஆமாம் என்று தலையாட்டினாள். உள்ளே ஜேக்கப், சரிதாம்மா என்றார். நானும் அறிவேன் என்றாள் வியாகுலம்மாள். நானும், நானும் என்று இன்னும் பல குரல்கள், கேட்காமலே. 'மேற்கே: மனைவி பவுனம்மாள் வீடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கதவுக்கடியில் காகிதத்தைத் தள்ளினாள்.

பாதி உள்ளே போனதும் அது அவள் விரலிலிருந்து நழுவியது.

யாரோ மெதுவாக, பத்திரமாக, கிழியாமல் உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கரண்ட் வந்தது. டீக்கடையில் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வெகுநேரம் கழித்து எல்சி கதவைத் திறந்து பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. அலமாரிகள் வைத்தபடி இருந்தன. காகிதம் மட்டும் இல்லை.

*

பவுனம்மாளுக்கு மீஞ்சூரில் வீடு கிடைத்தது.

தைமாதம் அவள் ஒரு பொட்டலம் கருவாட்டோடு வந்தாள். ஆளே மாறியிருந்தாள். வீட்டுப் பின்னால் அடிபம்பு, தண்ணீர் சர்க்கரை மாதிரி என்றாள். அம்மு அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாளாம். ராத்திரி கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு கால் நீட்டித் தூங்குகிறேன் மேடம் என்றாள். அத்தாவுல்லாவுக்குப் பழைய வாய் திரும்பி வந்தது. கருவாட்டுக்கு உப்பு பத்தவில்லை, சுவரில் தேய்த்துச் சாப்பிடுகிறேன் என்றார். எல்சி அன்றைக்குச் சிரித்தாள்.

கோடை ஆரம்பித்தபோது பவுனம்மாள் மறுபடி வந்தாள். இந்த முறை கருவாடு இல்லை. ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள்.

"குடிச்சிப் பாரு."

எல்சி ஒரு வாய் வைத்து உடனே துப்பினாள். கடல் தண்ணீர்.

மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் உப்பு ஏறுவது புதிதில்லை, ஊருக்கே தெரிந்ததுதான் என்று சமாதானம் சொன்னாள். பவுனம்மாள் தலையை ஆட்டினாள். பக்கத்து வீட்டுப் பம்பில் நல்ல தண்ணீர்தான் வருகிறது. எதிர்வீட்டிலும் நல்ல தண்ணீர்தான். கெட்டுப்போனது அவள் பம்பும், அவள் வீட்டிலிருந்து கிழக்கே கடல் வரைக்கும் ஒரே நேர்கோட்டில் உள்ள கிணறுகளும்தான். கூடையோடு அந்த வழியாக நடந்து நடந்து, வீடு வீடாகக் கேட்டு வந்திருக்கிறாள்.

"அப்பால, கல்லு ஒண்ணு வந்துகீது," என்றாள்.

எல்சி எழுந்துபோய் அந்த உத்தரவின் கார்பன் நகலை எடுத்து வந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று எல்லைகளிலும் பிசகு இல்லை. நாலாவதில் விரல் நின்றது.

மேற்கே: மனைவி பவுனம்மாள் வீடு.

மனை எண் இல்லை. அவசரத்தில், பயத்தில், அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள். எந்த வீடு என்று எழுதவில்லை. எண் இருந்தால் அது தண்ணீருக்கடியில் போன பழைய மனை. எண் இல்லாவிட்டால் பவுனம்மாள் எங்கே குடியிருக்கிறாளோ அதுதான் எல்லை. உத்தரவு எழுதிய அன்றைக்கு அது பள்ளிக்கூடத்துச் சுவரோரம் இருந்தது. இன்றைக்கு மீஞ்சூரில். கடலுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அத்தனையும், எல்சி கையெழுத்தும் சர்க்கார் முத்திரையுமாக, கிருஷ்ணப்பனுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது.

அவன் மேற்கைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தியது ஏன் என்று அப்போது புரிந்தது.

திருத்தல் உத்தரவு போடலாம். ஒரே ஒரு எண்ணைச் சேர்த்தால் போதும். ஆனால் திருத்துவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவரை விசாரணைக்குக் கூப்பிட வேண்டும். மூன்று முறை.

எல்சி அத்தாவுல்லாவைப் பார்த்தாள். அவர் மார்புப் பட்டையைக் கழற்றி, பித்தளை வில்லையோடு மடித்து, மேஜை மேல் வைத்தார்.

"என்னை வேலையை வுட்டு எட்த்தாலும் சரி மேடம். அந்தப் பேரை இனிமே நான் கூப்ட மாட்டேன்."

வேறு ஊருக்குப் போய்விடு என்று எல்சி பவுனம்மாளிடம் சொன்னாள். அவள் அதையும் யோசித்து வைத்திருந்தாள். "எங்க போனாலும் அது என் வூடுதானம்மா."

*

எல்சி அன்றைக்கே அவளோடு மின்சார ரயில் ஏறினாள். அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும். பெயர்த்து எறிய முடியுமா என்று பார்க்க வேண்டும்.

மீஞ்சூரில் பட்டப்பகல் வெயில் கொளுத்தியது. வரிசை வீடுகள், கொடிகளில் துணி, எங்கேயோ கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளின் சத்தம். பயப்பட ஒன்றுமே இல்லாத தெரு. அம்மு பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால், கிழக்குச் சுவரை ஒட்டி, கல் நின்றது. பழைய சர்வே கல். தலையில் அம்புக்குறி செதுக்கியிருந்தது. உடம்பெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. அந்த வெயிலிலும் அதிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பவுனம்மாள் அதை இரண்டு தடவை பிடுங்கி ஏரியில் போட்டுவிட்டு வந்தாளாம். மறுநாள் காலையில் இருந்த இடத்திலேயே இருந்ததாம். எல்சி கையை வைத்தாள். ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அசைத்துப் பார்த்தார்கள். இந்த முறை அது வேர்விட்ட மரம் மாதிரி நின்றது.

கடப்பாறை வாங்கி வரலாம் என்று பேசிக்கொண்டே உள்ளே வந்து, எல்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பவுனம்மாள் மோர் கொடுத்தாள்.

எல்சி சொம்பை வாயருகே கொண்டுபோனபோது, கிரிக்கெட் சத்தம் நின்றது.

யாரோ கதவைச் சாத்திய மாதிரி.

பிறகு, தொம் என்று ஒரு சத்தம். கனமான ஒன்றைத் தூக்கிக் கொண்டுவந்து தரையில் ஊன்றுகிற சத்தம். பின்னால் இல்லை. முன்னால்.

எல்சி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

கல் தெருப்பக்கம் நின்றது. வாசலுக்கு மேற்கே. அதன் அடியில் மண் புதிதாகப் பிளந்து, குழியில் நுரையோடு தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

வீடு இப்போது கல்லுக்கு இந்தப் பக்கம், அவன் எல்லைக்குள் இருந்தது. வீட்டின் எந்தச் சுவரோடு எல்லை முடிகிறது என்றும் எல்சி எழுதியிருக்கவில்லை.

தெருவுக்கு ஓடிவிடலாம் என்று சொல்லத் திரும்பினாள். பின்னால் அடிபம்பு தானாக இறங்கி ஏறியது. தண்ணீர் கொட்டியது. வேலை முடிந்து வீடு திரும்பிய ஆண்பிள்ளை, அவசரமில்லாமல், ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக் கழுவுகிற சத்தம் கேட்டது.

பவுனம்மாள் எழுந்தாள். அவள் கை நடுங்கவில்லை. எத்தனையோ வருடம் பழகிய கை.

கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், அவள் பின்வாசல் பக்கம் நடந்தாள்.